ஊர் மண்டபத்தில் கிடைத்த நர்ஸ் சங்கக் கணக்குப் புத்தகம்: 1/1, 4/4 என்றால் என்ன?

சரவணன் (கிளாஸ்டர்ஷயர்) எழுதியது:

வணக்கம். நான் இருப்பது இங்கிலாந்தில் கிளாஸ்டர்ஷயர் பக்கம் ஒரு சின்னக் கிராமம். ஊர் மண்டபத்துக்குக் கூரை மாற்றப் போகிறார்கள். அதற்கு முன்னால் பரண் அலமாரியை ஒழிக்க ஆள் கேட்டார்கள், போனேன். உடைந்த நாற்காலி, கிறிஸ்துமஸ் தோரணம், எலி கடித்த திரைச்சீலை, இதற்கெல்லாம் அடியில் பச்சைத் துணி அட்டை போட்ட கணக்குப் புத்தகம் ஒன்று. மேலே ஊர் பெயர், அதன் கீழே 'டிஸ்ட்ரிக்ட் நர்சிங் அசோசியேஷன்'. 1927 முதல் 1938 வரை.

குப்பையில் போடச் சொன்னார்கள். மனம் வரவில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நான் கணக்கு வேலை பார்ப்பவன். வரவு செலவு எழுதிய புத்தகத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஆனால் இது பிடிபடவே மாட்டேன் என்கிறது.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி. எதிரே நான்கு கட்டம்: எல்.டி., எம்.எஸ்., மிக்., எக்ஸ். ஒவ்வொரு கட்டத்திலும் 1/1. கடைசியில் 4/4. முதலில் தேதி என்று நினைத்தேன், அப்புறம் பின்னம் என்று நினைத்தேன். 1929-ஆம் வருஷம் முதல் பக்கத்தில் 38 வீடு, 38-க்கும் 4/4. எக்செலில் 4.4 என்று அடித்துக் கூட்டினால் 167.2 வருகிறது. அவர்கள் அடியில் எழுதியிருப்பது 8-4-8. மிக். என்பவர் யார், மிட்செலா? அவரிடம் ஏன் ஊரே பணம் கட்டியது?

வரவுப் பக்கத்தில் அடிக்கடி 'டபிள்யூ.டி.' என்று வருகிறது. 'சி.சி.' என்று ஒரு பெரிய தொகை. செலவில் 'நர்ஸ், டயர் 3/6'. 1934-ல் 'ஏ.7' என்று 35 பவுண்டு. பின்பக்கம் வருஷாந்திரக் கணக்கில் மெட்., சர்., மிட்., மேட். என்று நான்கு தலைப்பு, மிட்., மேட். இரண்டுக்கும் வேறு வேறு கட்டணம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், தூக்கம் வரவில்லை.

பாலா_லெஸ்டர் எழுதியது:

சாய்கோட்டுக்கு இடப்பக்கம் ஷில்லிங், வலப்பக்கம் பென்னி. 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. உங்கள் எக்செல் தோற்றது அதனால்தான். மற்றது தெரியாது. டபிள்யூ.டி. என்றால் நம் ஊர் பி.டபிள்யூ.டி. மாதிரி ஏதாவது இருக்குமோ?

ரூத் அக்கா எழுதியது:

சரவணன் தம்பி, அந்தப் புத்தகத்தைக் குப்பையில் போடாமல் இருந்ததற்கு உங்களுக்கு ஒரு நல்ல காபி போட்டுத் தரவேண்டும்.

நான் நாகர்கோவில்காரி. 1971-ல் நர்ஸ் படிக்க இந்த நாட்டுக்கு வந்தேன். பழைய காசை ஒழித்ததும் அந்த வருஷம்தான். கடையில் சில்லறை எண்ணத் தெரியாமல் என்னோடு சேர்ந்து வெள்ளைக்காரக் கிழவிகளும் முழித்தார்கள். 1979 முதல் ஓய்வு பெறும்வரை லிங்கன்ஷயரில் டிஸ்ட்ரிக்ட் நர்ஸ், அதாவது வீடு வீடாகப் போய் நோயாளியைப் பார்க்கிற நர்ஸ். முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் விளைகிற தட்டையான பூமி. என் நோயாளிகளில் பாதிப் பேர் 1900-த்தை ஒட்டிப் பிறந்தவர்கள், உங்கள் புத்தகத்தின் காலத்தில் பிள்ளை பெற்றவர்கள். அவர்கள் சொல்லக் கேட்டது நிறைய.

முதலில் 1/1. ஊர் கூடி ஒரு நர்ஸை வேலைக்கு வைத்துக்கொள்ள நடத்திய சங்கம் இது; அதற்கு வீட்டுக்கு வாரம் ஒரு பென்னி சந்தா. காலாண்டுக்கு 13 வாரம், 13 பென்னி, அதாவது 1 ஷில்லிங் 1 பென்னி. நான்கு காலாண்டும் சேர்ந்தால் 52 பென்னி, 4/4. 38 வீட்டுக்கு 1,976 பென்னி. 8 பவுண்டு, 4 ஷில்லிங், 8 பென்னி. எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். மிக். மிட்செல் இல்லை, மிக்கேல்மஸ், செப்டம்பர் 29. எல்.டி. லேடி டே, மார்ச் 25. எம்.எஸ். மிட்சம்மர், ஜூன் 24. எக்ஸ். கிறிஸ்துமஸ். வாடகை, குத்தகை, கூலி ஆள் மாற்றம், எல்லாம் இந்த நாட்டில் இந்த நான்கு நாளை வைத்துத்தான் நடந்தது.

டபிள்யூ.டி. என்பது விஸ்ட் டிரைவ். விஸ்ட் ஒரு சீட்டாட்டம். மேஜைக்கு நாலு பேர். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர்கள் அடுத்த மேஜைக்கு நகர்வார்கள். நுழைவுக் கட்டணம் உண்டு, பரிசும் உண்டு. நீங்கள் ஒழித்த அதே மண்டபத்தில்தான் நடந்திருக்கும். நர்ஸின் சம்பளத்தில் ஒரு பங்கு சந்தா, ஒரு பங்கு சீட்டாட்டமும் பழந்துணி விற்பனையும், ஒரு பங்கு பெரிய வீட்டு அம்மாக்களின் நன்கொடை. சி.சி. என்பது கவுண்டி கவுன்சில்; கவுண்டி நம் ஊர் மாவட்டம் மாதிரி, கவுன்சில் அதன் உள்ளாட்சி மன்றம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தலையில் பேன் பார்ப்பது, புதிதாகப் பிறந்த குழந்தை வீட்டுக்குப் போவது, காசநோய்க்காரர் வீட்டில் சன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பது, இந்த வேலைகளும் பல கவுண்டிகளில் அதே நர்ஸ் தலையில்தான். அதற்கான மானியம் அது.

ஏ.7 ஆஸ்டின் செவன், குட்டிக் கார். 35 பவுண்டு என்றால் பழைய வண்டி வாங்கியிருப்பார்கள். அதுவரை சைக்கிள்தான், அதனால்தான் டயர்.

மெட்., சர். இரண்டும் மெடிக்கல், சர்ஜிக்கல் நோயாளிகள். மிட்., மேட். இருக்கிறதே, அதைத்தான் கவனிக்கவேண்டும். மிட். என்றால் மிட்வைஃபரி, டாக்டர் இல்லாமல் நர்ஸே தனியாகப் பார்த்த பிரசவம். மேட். என்றால் மெட்டர்னிட்டி, பிரசவம் டாக்டர் பொறுப்பு, நர்ஸ் கூட நின்று தாயையும் பிள்ளையையும் கவனிப்பார். டாக்டருக்குத் தனியாகப் பணம் அழவேண்டும். அப்போது விவசாயக் கூலிக்கு வாரம் 30 ஷில்லிங் சொச்சம். 1911 காப்பீட்டுச் சட்டத்தில் புருஷனுக்கு டாக்டர் உண்டு, பெண்டாட்டி பிள்ளைகளுக்குக் கிடையாது. அதனால் மிட். எண்ணிக்கை மேட்.-ஐ விடக் கூடுதலாக இருக்கும், பாருங்கள்.

உங்கள் கவுண்டிக்கு இதில் தனிப் பெருமை உண்டு. ஊர்ப்புறத்துக்கு நர்ஸ் வேண்டும் என்று 1880-களில் எலிசபெத் மாலெசன் என்கிற அம்மாள் தொடங்கியது கிளாஸ்டர்ஷயரில், கோதரிங்டன் கிராமத்தில். நகரத்தில் அதற்கு முன்பே, 1859-ல், லிவர்பூலில் வில்லியம் ராத்போன் என்கிற வியாபாரி தொடங்கிவைத்திருந்தார். அவர் மனைவி சாகக் கிடந்தபோது பார்த்துக்கொண்ட மேரி ராபின்சன் என்ற நர்ஸை, இனி ஏழைகள் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள் என்று சம்பளம் கொடுத்து அனுப்பினார். விக்டோரியா ராணியின் பொன்விழாவுக்குப் பெண்கள் திரட்டிய நிதியில் ஒரு பெரிய பங்கு, 70,000 பவுண்டு, இந்த வேலைக்கு வந்தது. அப்படிப் பிறந்த நிறுவனத்தில் பயிற்சி பெற்றவர்களுக்குக் குவீன்ஸ் நர்ஸ் என்று பெயர். ஆனால் சின்ன ஊர்களுக்கு முழுப் பயிற்சி பெற்றவரை வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாது. பிரசவமும் கொஞ்சம் நர்சிங்கும் சில மாதம் படித்த கிராம நர்ஸ்தான் பல இடங்களில்.

அவர்கள் எப்படி வேலை பார்த்தார்கள் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, திட்டு வாங்கித் தெரிந்துகொண்டேன். 1979 குளிர்காலம். ஒரு பண்ணை வீட்டில் எண்பது வயது அம்மாளுக்குக் கால் புண் கட்டப் போனேன். வேலைக்குப் புதிது, அவசரம். பையைக் கொண்டுபோய்க் கட்டில்மேல் வைத்தேன். 'பெண்ணே, நர்ஸ் பை படுக்கையில் இருக்கலாமா?' என்று ஒரு அதட்டல். பார்த்தால் மேஜையில் செய்தித்தாள் விரித்திருக்கிறது. கோட்டு மாட்ட நாற்காலி முதுகிலும் ஒரு தாள். பேசின், சோப்பு, தேய்த்து மடித்த துண்டு. பக்கத்தில் பிஸ்கட் டப்பா. பிஸ்கட் தரப்போகிறார் என்று நினைத்தேன்! திறந்தால் பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து மடித்த துணித் துண்டுகள். டப்பாவோடு அடுப்பில் வைத்துச் சுட்டது, ஓரமெல்லாம் லேசாகப் பழுப்பேறியிருக்கிறது. 1930-களில் அவர் மாமியாருக்குப் படுக்கைப் புண் வந்தபோது ஊர் நர்ஸ் கற்றுக்கொடுத்தது அது. என் கையில் சுகாதாரத் துறை கொடுத்த பாக்கெட் கட்டுத்துணி இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டப்பாத் துணியை வெளிக்கட்டுக்கு வைத்துக்கொண்டேன்.

கடைசியாக ஒன்று. நோயாளி பெயர் உள்ள பக்கம் எதையும் இங்கே படம் போடாதீர்கள். அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் இன்னும் ஊரில் இருப்பார்கள். படித்து முடித்ததும் கவுண்டி ஆவணக் காப்பகத்தில் கொடுத்துவிடுங்கள்.

நக்கீரன்77 எழுதியது:

நல்ல பதிவு. ஆனால் அந்தக் காலம் பொற்காலம் என்கிற பாட்டாக இது போய்விடக் கூடாது. சைக்கிள், விஸ்ட், பிஸ்கட் டப்பா எல்லாம் அழகுதான். இங்கிலாந்தில் குழந்தை இறப்பு 1900-ல் ஆயிரத்துக்கு 150 அளவில் இருந்தது, 1930-ல் 60 அளவுக்கு இறங்கியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரசவத்தில் தாய் சாவது இறங்கவே இல்லை. நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரம் பிரசவத்துக்கு நாலு பேருக்கு மேல். 1930-களின் நடுவிலும் நாலு பேருக்கு மேல். ஊர் கூடிச் சீட்டாடி நர்ஸ் வைத்துக்கொண்டதால் என்ன பயன்? அதுவும் எஜமானி அம்மாக்கள் கமிட்டியில் உட்கார்ந்துகொண்டு போட்ட தர்மம் அது. அரசு செய்யவேண்டிய வேலை.

ரூத் அக்கா எழுதியது:

நக்கீரா, குற்றம் குற்றமே என்று வந்துவிட்டீர்கள். எண்ணிக்கை சரி. முடிவில்தான் எனக்குச் சம்மதமில்லை.

தாய்மார் செத்ததில் பெரும்பங்கு பிரசவக் காய்ச்சல், அதாவது கிருமி. கைகழுவுவது, கொதிக்க வைப்பது, இதற்கு மேல் யாரிடமும் மருந்து இல்லை, லண்டன் டாக்டரிடமும் இல்லை. கேட்டால் வியப்பாக இருக்கும், டாக்டர் வந்து பார்த்த வசதியான வீடுகள் இதில் தப்பவில்லை. அவசரப்பட்டு ஆயுதம் போட்டு எடுத்த வீடுகளில் இன்னும் மோசம். பொறுமையாகக் காத்திருக்கிற மிட்வைஃப் கையில் ஏழை வீட்டுப் பிரசவம் பல இடங்களில் நன்றாகவே முடிந்தது. 1902 சட்டத்துக்குப் பிறகு பதிவு பெற்ற மிட்வைஃபுக்கு விதி கடுமை. பிரசவம் முடிந்து பத்து நாள் போய்ப் பார்க்கவேண்டும், காய்ச்சலும் நாடியும் எழுதவேண்டும். சிக்கல் என்றால் டாக்டரைக் கூப்பிட்டே ஆகவேண்டும். அந்த டாக்டருக்குப் பணம் கவுன்சில் கொடுக்கும் என்று 1918-ல் சட்டம் வந்தது. அப்புறம் அந்தப் பணத்தைக் குடும்பத்திடம் வசூலிக்கவும் பார்ப்பார்கள், அது வேறு கதை.

நீங்கள் சொல்லாத ஒரு குறை நான் சொல்கிறேன். காலையில் சீழ்ப் புண் கட்டிய கையோடு மதியம் பிரசவத்துக்குப் போகவேண்டிய நிலை. ஒரே நர்ஸ், ஆறேழு மைல் வட்டாரம், வேறு ஆள் இல்லை. அதுதான் இந்த ஏற்பாட்டின் உண்மையான ஓட்டை.

1930-களின் நடுவில் லெனார்ட் கோல்புரூக் என்ற டாக்டர் லண்டன் குவீன் சார்லட்ஸ் ஆஸ்பத்திரியில் பிராண்டோசில் என்கிற செம்மருந்தைப் பிரசவக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதன் பிறகுதான் எண்ணிக்கை விழுந்தது. நம் வீட்டுக் குளியலறையில் இருக்கிற டெட்டால்கூட முதலில் அதே ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பவர்களின் கைகளுக்குப் பரிசோதித்ததுதான். அரசு செய்யவேண்டிய வேலை என்றீர்கள். 1936 சட்டம் சம்பள மிட்வைஃப்களை ஏற்படுத்துவது உள்ளாட்சியின் கடமை என்று ஆக்கியது. அப்போதும் பல கவுண்டிகள் புதிதாக ஆள் தேடவில்லை. ஏற்கெனவே ஊர் ஊராக இருந்த இந்தச் சங்க நர்ஸ்களுக்கே பணம் கொடுத்து நடத்தின. சீட்டாடிச் சேர்த்தது அப்போது கைகொடுத்தது.

தர்மம் என்கிற சொல்லும் எனக்கு ஒட்டவில்லை. கமிட்டி அம்மாக்கள் அதிகாரம் பண்ணினார்கள், உண்மை. நர்ஸ் யார் வீட்டில் டீ குடிக்கலாம் என்பதுவரை பேசுவார்களாம். ஆனால் அந்தப் பண்ணை வீட்டு அம்மாள் ஐம்பது வருஷம் கழித்தும் என்னிடம் சொன்னது: 'நாங்கள் எங்கள் பென்னியைக் கட்டினோம்.' பென்னி கட்டிய வீட்டில் நர்ஸுக்கு யாரும் கும்பிடு போடவேண்டாம். எங்கள் நர்ஸ், கூப்பிட்டால் வருவாள், அவ்வளவுதான். தேசிய சுகாதார சேவை இலவசமாக வந்து முப்பது வருஷம் ஆன பிறகும் அவர் என்னைச் சும்மா அனுப்பியதில்லை. கோட்டுப் பையில் முட்டை போட்டுவிடுவார். ஒருமுறை காரில் உட்கார்ந்து உடைத்தேன்.

பாலா_லெஸ்டர் எழுதியது:

பி.டபிள்யூ.டி.-யை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அக்கா, கோடையில் மஞ்சள் போஸ்டர் ஒட்டிப் பெரிய வீட்டுத் தோட்டமெல்லாம் திறந்துவிடுகிறார்களே, அதற்கும் நர்ஸுக்கும் சம்பந்தம் உண்டு என்று எங்கோ கேட்டேன்.

ரூத் அக்கா எழுதியது:

உண்டு. 1927-ல் டிஸ்ட்ரிக்ட் நர்ஸ்களுக்கு நிதி திரட்ட ஆரம்பித்ததுதான். எல்சி வாக் என்ற கமிட்டி அம்மாள் சொன்ன யோசனை. தலைக்கு ஒரு ஷில்லிங். முதல் வருஷமே 609 தோட்டம் திறந்து 8,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. இன்றும் நர்ஸ்களுக்குப் பணம் போகிறது. கேக்கும் நன்றாக இருக்கும், போய் வாருங்கள்.

சரவணன் (கிளாஸ்டர்ஷயர்) எழுதியது:

அக்கா, கோடி நன்றி. நேற்று ராத்திரி எல்லாவற்றையும் பென்னியாக மாற்றி எக்செலில் திரும்ப அடித்தேன். 1929 ஒரு பென்னி பிசகாமல் நிற்கிறது. கால்குலேட்டர் இல்லாமல் இதைக் கூட்டியவர் என் ஆபீஸில் இருந்தால் எனக்கு வேலை இருக்காது. மிட்., மேட். நீங்கள் சொன்னபடியே: 1931-ல் மிட். 14, மேட். 5.

ஒன்று மட்டும் இடிக்கிறது. 1932-ல் ஒரு வீடு. எல்.டி. கட்டத்தில் கோடு, எம்.எஸ். கட்டத்தில் கோடு, மிக். 3/3, எக்ஸ். 1/1. கூட்டினால் அதே 4/4. ஆனால் ஏன் இப்படி? பக்கத்து வீடுகள் எல்லாம் ஒழுங்காக 1/1 கட்டியிருக்கின்றன. தவறாக எழுதிவிட்டாரா?

ரூத் அக்கா எழுதியது:

தவறாக இருக்காது. 3/3 என்பது 39 பென்னி, மூன்று காலாண்டு. குளிர்காலத்தில் மழையும் பனியும் வந்தால் பண்ணையில் வேலை இல்லை என்று ஆளை நிறுத்திவிடுவார்கள். ஆலைத் தொழிலாளிக்கு வேலையில்லாப் படி உண்டு; விவசாயக் கூலிக்கு 1936 வரை அது கிடையாது. பிறகு வேலை கிடைத்தாலும் கடைப் பாக்கி முன்னால் நிற்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் அறுப்பு. அதற்குக் கூடுதல் கூலி. அந்தப் பணத்தில்தான் வருஷத்துக்கு ஒருமுறை பிள்ளைகளுக்குப் பூட்ஸ் வாங்குவார்கள், பாக்கியெல்லாம் அடைப்பார்கள்.

அந்தப் பக்கத்தில் 3/3 கட்டிய தேதி இருக்கிறதா பாருங்கள்.

சரவணன் (கிளாஸ்டர்ஷயர்) எழுதியது:

பார்த்தேன். பென்சிலில் சின்னதாக எழுதியிருக்கிறது: செப்டம்பர் 24.

அதே வரியின் கடைசிக் கட்டத்தில் இன்னொரு பென்சில் எழுத்து. முதலில் அது அழுக்கு என்று நினைத்து விட்டுவிட்டேன். 'மிட்., நவ. 9.'